உங்கள் நிலத்து மண்ணிலேயே வீடு கட்டலாமா?

உங்கள் நிலத்தில் வேரோடிய மேல்மண்ணை ஓரடிக்கு வழித்து ஓரமாகக் குவித்துவிட்டு, அதற்குக் கீழே 10 அடி அகலம், 15 அடி நீளம், 5 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். 750 கன அடி மண் கிடைக்கும். லாரிக் கணக்கில் ஏழரை யூனிட். 360 சதுர அடியில் சின்னதாக ஒரு வீடு; ஓரடி கனச் சுவர், 9 அடி உயரம், நடுவில் ஒரு தடுப்பு. கதவு ஜன்னலுக்கான இடத்தைக் கழித்துவிட்டால், அந்தச் சுவர் அத்தனைக்கும் இந்த ஒரு குழி மண் ஏறக்குறையப் போதும். வழித்து வைத்த மேல்மண் தோட்டத்துக்கு. குழியை வீட்டை ஒட்டி வெட்டாமல் தள்ளி வெட்டியிருந்தால், மழைக்குத் தண்ணீர் தேங்கும் குட்டையும் ஆயிற்று.

இயற்கைப் பொருட்களால் வீடு கட்டுவது என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். அதன் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்: தூரத்திலிருந்து வருவதைக் குறை, சூளையில் வேகவைத்ததைக் குறை, காலடியில் கிடப்பதைக் கூட்டு. சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். எரிபொருளிலிருந்து வருகிற கரியமில வாயு ஒரு பக்கம். கல்லுக்குள்ளேயே இருந்து பிரிந்து வெளியேறுவது இன்னொரு பக்கம். உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டினால் மட்டும் வருகிறது. செங்கல்லுக்கு விறகும் நிலக்கரியும் எரிகின்றன. வெயிலில் காய்ந்த மண்ணுக்கு இது எதுவும் வேண்டாம்.

ஆனால் 'மண் வீடு மலிவு' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்பவர்களை நம்பாதீர்கள். மண் மலிவு, மண்ணைச் சுவராக்கும் கூலி மலிவல்ல. பணம் எங்கே மிஞ்சும், எங்கே மிஞ்சாது என்று தெரிந்துகொண்டு இறங்குகிறவருக்குத்தான் இது கட்டுபடியாகும்.

நம் பக்கம் என்ன கிடைக்கிறது

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். நிலத்தைப் பார்த்தால் இன்றும் அப்படித்தான். பெரும்பகுதி செம்மண். கருங்கல் பாறை காலங்காலமாக உதிர்ந்து உண்டான மண் என்பதால் பல இடங்களில் அதற்குள்ளேயே நறநறவென்று மணலும் பொடிக்கல்லும் கலந்திருக்கும். மண் சுவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம். அங்கங்கே பள்ளப்பாங்கான இடங்களில் கரிசல் திட்டுகள் வரும். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். அதை அப்படியே சுவருக்குக் கொண்டுபோகக் கூடாது. கோடையில் தரைமேல் வெள்ளையாகப் பூக்கிற உவர் மண்ணும் உதவாது. அந்த உப்பு சுவரிலும் பூத்து, பூச்சைப் பொடியாக உதிர்க்கும்.

அடுத்தது கல். கிருஷ்ணகிரிக் கல் கப்பலேறி எங்கெங்கோ போகிறது. உள்ளூரில் அதே கல் வேலிக்கு நட்ட தூணாகவும், களத்து ஓரம் நிறுத்திய பலகையாகவும் நிற்கிறது. மல்லச்சந்திரத்து மலைப்பாறையில் இரும்புக் காலத்து மக்கள் எழுப்பிய கல்திட்டைகள் இன்னும் நிற்கின்றன. சுற்றிலும் நட்ட பலகைக்கல், மேலே மூடுகல் ஒன்று, அவ்வளவுதான் கட்டுமானம். சாந்து கிடையாது. செத்தவர்களுக்காகக் கட்டியது என்றாலும், இந்த ஊர்க் கல்லால் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. நசுக்குகிற பாரத்தைக் கல் எவ்வளவும் தாங்கும். வளைக்கிற பாரத்தைத் தாங்காது. அதனால்தான் கல் பலகையைக் கூரையாகப் போட்ட இடத்திலெல்லாம், கோயில் மண்டபம் உட்பட, ஆறேழு அடிக்கு ஒரு தூண் நிற்பதைப் பார்க்கிறீர்கள்.

பிறகு சுண்ணாம்பு, மூங்கில், மரம், ராகித் தாள், வைக்கோல், கரும்புத் தோகை. ராகித் தாளைக் குறைவாக நினைக்க வேண்டாம். மாடு தின்றது போக மிச்சமிருப்பதை நறுக்கி மண்ணில் மிதித்தால், காயும்போது சுவர் விரிசல் விடாமல் பிடித்துக்கொள்கிற நார் அதுதான்.

மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

வீடு கட்டுவோர் பெரும்பாலும் முதலில் முறையைத் தேர்ந்துகொண்டு பிறகு மண் தேடுகிறார்கள். தலைகீழ் வேலை. கையில் இருக்கிற மண் எது என்று தெரிந்த பிறகுதான் எந்த முறை என்று பேச வேண்டும்.

எந்த மண்ணிலும் நான்கு பேர் இருக்கிறார்கள்: பொடிக்கல், மணல், வண்டல், களி. களிதான் பசை. மணலும் பொடிக்கல்லும் உடம்பு. வண்டல் இரண்டுக்கும் நடுவே கிடக்கும். அதிகமானால் சுவர் பொடிப்பொடியாகும். களி அதிகமானால் காயும்போது சுருங்கிப் பிளக்கும், குறைந்தால் ஒட்டாது. சிமெண்ட் சிறிது சேர்த்து இயந்திரத்தில் அழுத்தும் கட்டிக்கு ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் சொல்லும் உத்தேசக் கலவை: பொடிக்கல் 15 சதவீதம், மணல் 50, வண்டல் 15, களி 20. இதை அச்சு அசலாக எட்ட வேண்டியதில்லை; எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

அதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம். வாய் அகன்ற, நேரான கண்ணாடி ஜாடி ஒன்று போதும். ஓரடிக்குக் கீழிருந்து எடுத்த மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை குலுக்கி அசையாமல் வையுங்கள். மணலும் பொடிக்கல்லும் ஓரிரு நிமிடத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் அதற்கு மேல் மெல்லப் படியும். களி கடைசி, தண்ணீர் தெளிய மறுநாள்கூட ஆகலாம். அடுக்கு அடுக்காகத் தெரிவதை ஸ்கேலால் அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் உத்தேசமாகக் கையில் வந்துவிடும். நனைந்த களி ஊதியிருக்கும் என்பதால் அந்த அடுக்கு மட்டும் உண்மையைவிடச் சற்றுத் தடிமனாகத் தெரியும்.

ஜாடி காட்டாததைக் கை காட்டும். பிசைந்த மண்ணை விரல் கனத்துக்கு உருட்டி, மேசை விளிம்புக்கு மெதுவாக நகர்த்துங்கள். இரண்டு அங்குலத்துக்குள் முறிந்தால் மணல் அதிகம். ஆறு அங்குலம் தாண்டியும் தொங்கிக்கொண்டே போனால் களி அதிகம். இடையில் எங்கேயாவது முறிந்தால் நல்லது. மூன்றாவதாக, வடை அளவுக்கு மூன்று நான்கு வில்லை தட்டி நிழலில் காயவிடுங்கள். காய்ந்ததும் ஓரம் சுருங்கி விரிசல் விட்டிருக்கிறதா, விரலால் நசுக்கினால் பொடிகிறதா, டக்கென்று ஒலியோடு உடைகிறதா என்று பாருங்கள். சுருங்காமலும் பொடியாமலும் உடைவதுதான் வேண்டும்.

களி மிகுந்தால் கிரஷர் தூளோ எம்-சாண்டோ கலக்கலாம். கல் குவாரிகள் நிறைந்த நம் மாவட்டங்களில் இதற்குப் பஞ்சமில்லை. மணல் மிகுந்தால் கொஞ்சம் களிமண் கொண்டுவர வேண்டும். புற்றுமண்ணை அந்தக் காலத்தில் தரை மெழுகவும் சுவர் பூசவும் தேடி எடுத்தது இதற்காகத்தான். கரையான் நுண்ணிய மண்ணாகப் பார்த்துப் பொறுக்கி வைத்திருக்கும். ஆனால் வெளியிலிருந்து மண் ஏற்றி வருவதென்றால் அனுமதிச் சீட்டு, வாடகை, வழியில் நிறுத்திக் கேட்பவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சேரும். நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் வெளி மண் தேவைப்படுகிறது என்றால் நான் வேறு முறையை யோசிப்பேன்.

சுவரின் வகைகள்

பழைய வீடுகளில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கையால் வைத்த மண் சுவர். மண்ணில் தண்ணீர் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் ராகித் தாளோ வைக்கோலோ தூவி மிதித்து, உருண்டை உருண்டையாக அள்ளி அடுக்கி அறைவது. மிதித்த மண் ராகிக் களி பதத்துக்கு இருக்க வேண்டும். கையில் ஒட்டாமல், ஆனால் அழுத்தினால் விட்டுக்கொடுத்து. ஒரு தடவைக்கு ஒன்றரை அடி உயரம். அது இறுகும்வரை, வெயிலைப் பொறுத்து மூன்று நாளோ ஐந்து நாளோ, காத்திருந்து அடுத்த வரி. பிதுங்கிய இடத்தை மண்வெட்டியால் செதுக்குவார்கள். அடியில் ஒன்றரை அடி கனம், மேலே போகப்போக ஓரடி. ஆகவே தொடக்கத்தில் சொன்ன குழியைவிடக் கொஞ்சம் பெரிய குழி வேண்டும். அச்சு வேண்டாம், இயந்திரம் வேண்டாம், சிமெண்ட் வேண்டாம். வேண்டியது ஆள், கால், பொறுமை. வீட்டுக்காரர்களும் சொந்தபந்தமும் சேர்ந்து மிதித்தால் இதுதான் இருப்பதிலேயே மலிவான சுவர். முழுக்கக் கூலிக்கு ஆள் வைத்தால் அப்படி இருக்காது.

பச்சைக்கல் இன்னும் சுலபம். செங்கல் அறுக்கிற மாதிரியே மரச் சட்டத்தில் மண்ணை அடித்து, சூளையில் வைக்காமல் காயவைத்துக் கட்டுவது. கோடையில் ஓய்வு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். சுருங்க வேண்டியது சுவருக்கு வருமுன்பே சுருங்கிவிடுவதால் விரிசல் குறைவு. எந்தக் கொத்தனாருக்கும் கைவந்த வேலை. முதன்முறை கட்டுகிறவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன்.

இயந்திரத்தில் அழுத்திய மண் கட்டியைத்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். ஈர மண்ணில் 5 முதல் 7 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் கட்டி போடுவது. இங்கே மண் சேறாக இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். அந்த ஈரம். போட்ட கட்டியைச் சாக்குப் போட்டு மூடி, மூன்று நான்கு வாரம் தண்ணீர் தெளித்து வைத்தால் இறுகும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு இதை நம் நாட்டு மண்ணுக்கு ஏற்றபடி ஆராய்ந்து பரப்பியது. ஆரோவில்லில் தனியாக ஓர் இயந்திரமே உருவாக்கினார்கள். இதற்கென்று இந்தியத் தரநிலை இருக்கிறது, எண் 1725. அலுவலகத்தில் யாராவது "மண் கட்டியா?" என்று இழுத்தால் அந்த எண்ணைச் சொல்லலாம்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். நம் 360 சதுர அடி வீட்டுக்கு ஒன்பது அங்குலச் சுவராக இந்தக் கட்டியை வைத்தால், கட்டிக்குள் மட்டும் ஏறக்குறைய 30 முதல் 40 மூட்டை சிமெண்ட் போகும். அதே அளவு செங்கல் சுவரைக் கட்ட, இடையில் வைக்கும் சாந்துக்கு 20, 25 மூட்டைதான் ஆகும். என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். எட்டாயிரம் செங்கல்லை வேகவைக்கும் விறகு மிச்சம். கட்டி நேராக, வழவழப்பாக வருவதால் உள்ளேயும் வெளியேயும் பூச்சு வேண்டாம். அந்தச் சிமெண்டும் மணலும் கூலியும் மிச்சம். அழகாகக் கட்டிவிட்டு, "ஊர் என்ன சொல்லும்" என்று இருபுறமும் சிமெண்ட் பூசிவிட்டீர்களானால் கணக்குத் தலைகீழாகிவிடும். அப்படிச் செய்வதற்குப் பேசாமல் செங்கல்லே வாங்கலாம்.

பலகை அடைத்து அதற்குள் ஈர மண்ணைக் கொட்டித் திமிசால் இடித்து எழுப்பும் சுவரும் உண்டு. பார்க்க வரிவரியாக அழகு. பலகைச் செலவை நினைத்தால் ஒற்றை வீட்டுக்கு ஒத்துவராது. மூங்கில் தப்பைகளைப் பின்னி இருபுறமும் மண் அப்புவது மலைக் கிராமங்களில் பழகிய முறை. கூரைப் பாரத்தைத் தனிக் கால்கள் தாங்குமென்றால் போதும், உள் தடுப்புக்கு அருமை. முழுக்கக் கருங்கல்லில் கட்டினால் காலத்துக்கும் நிற்கும். ஆனால் வெயில் நாளில் பகல் சூட்டைக் குடித்துக்கொண்டு, இரவில் நீங்கள் படுக்கப்போகும் நேரம் பார்த்து வெளியே விடும். மண் சுவரும் அப்படிச் சூட்டைத் தள்ளிப்போடுவதுதான், ஆனால் மண் கல்லைவிட மெதுவாகவே வெப்பத்தைக் கடத்தும். ஓரடி மண் சுவரின் வெளிப்புறத்தில் பட்ட வெயில் உட்புறம் வந்துசேர எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கும். அதுவும் வடிகட்டிய மாதிரி குறைந்துதான் வரும். அதற்குள் வெளியே குளிர்ந்துவிட்டிருக்கும், ஜன்னலைத் திறந்தால் போயிற்று. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்கும் இதே குணம் உதவுகிறது.

என்னைக் கேட்டால் ஜன்னலின் அடிமட்டம் வரை கல், அதற்கு மேல் பச்சைக்கல். நம் ஊருக்கு இதுதான் பொருத்தம்.

தண்ணீர்

மண் சுவர் பாரத்தால் விழுவது அரிது. தண்ணீரால்தான் விழும். மேலிருந்து வழிவது, பக்கத்திலிருந்து சாரலாக அடிப்பது, தரையில் பட்டுத் தெறிப்பது, அடியிலிருந்து ஏறுவது என்று நான்கு வழி. நான்கையும் அடைத்துவிட்டால் மண் வீடு பேரன் காலம் வரை நிற்கும். ஒன்றைக் கோட்டைவிட்டாலும் இரண்டு மழைக்காலம்தான்.

அடியிலிருந்து ஏறுவதைக் கல் தடுக்கும். கடைக்காலும் அதற்கு மேல் தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டடி உயரமும் கருங்கல்லில் இருக்க வேண்டும். தெறிப்பும் இந்தக் கல்லில்தான் படும். எலி வளை பறிக்காமலிருக்கவும் இதுவே காவல். கல் வரிசையின் உச்சியில் பலகைக்கல்லை இரண்டங்குலம் வெளியே நீட்டி வைத்தால் கரையான் அந்த விளிம்பைச் சுற்றித்தான் மண் குழாய் கட்டி ஏற வேண்டியிருக்கும். கண்ணில் பட்டுவிடும், தட்டிவிடலாம்.

மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதற்கு மருந்து தாழ்வாரம். கூரை சுவரைத் தாண்டி இரண்டரை, மூன்றடி வெளியே வர வேண்டும். சாரல் அடிக்கிற பக்கம் திண்ணை வைத்துக் கூரையை இன்னும் இறக்கிவிட்டால் சுவர் நனையவே நனையாது. நம் பழைய வீடுகளின் திண்ணையை விருந்தோம்பல் என்று மட்டும் எழுதுகிறார்கள். அது சுவருக்குப் பிடித்த குடையும்கூட.

பூச்சு விஷயத்தில்தான் நல்ல மனதோடு கெடுதல் செய்கிறார்கள். மண் சுவர் கரைகிறதே என்று அதன்மேல் சிமெண்ட் பூசுவது. சிமெண்ட் பூச்சு விறைப்பானது. மண் சுவர் ஈரத்துக்கு ஏற்பச் சற்று விரியும், சுருங்கும். சீக்கிரம் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி மண்ணை ஊறவைக்கும். ஒருநாள் பாளம் பாளமாகப் பூச்சு கழன்று விழும்போது, பின்னால் பாதிச் சுவரும் சேர்ந்து வரும். மண் சுவருக்கு மண் பூச்சு, இல்லையென்றால் சுண்ணாம்புப் பூச்சு. இரண்டுமே ஈரத்தை வெளியே விடும்.

சுண்ணாம்பு ஒரு தனிக் கலை. சுட்ட கல்லைத் தண்ணீரில் போட்டு நீற்றி, கொதித்து அடங்கியதும் வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு அரைத்துப் பூசுவது. ஊறவிடுகிற காலம் கூடக்கூட சாந்து வெண்ணெய் மாதிரி ஆகும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்ப்பது சாந்து இழைவதற்கும் இறுகுவதற்கும். செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்தைத் தாங்கும். பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டே மறுபடி கல்லாகிறது. சூளையில் விட்டதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்; பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

கூரைதான் சோதனை

சுவருக்கு நூறு வழி உண்டு. கூரைக்கு ஒவ்வொரு வழியிலும் ஏதோ ஒரு குறை. தோகையோ புல்லோ வேய்ந்தால் குளுமை. மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், தீ பயம் வேறு, வேயத் தெரிந்தவரும் குறைந்துவிட்டார்கள். கல் பலகைக்கு நெருக்கமாகத் தூண் வேண்டும். சமையலறைக்கும் குளியலறைக்கும் போடலாம், கூடத்துக்கு ஆகாது. செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டும் மெட்ராஸ் டெரஸ் அழகுதான். அதற்கு வேண்டிய தேக்கு உத்திரங்களின் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று ஓட்டுக் கூரை. இடித்த வீடுகளிலிருந்து பழைய மங்களூர் ஓடு பாதி விலைக்குக் கிடைக்கிறது. தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிப்பதை எடுங்கள். கூரைச் சட்டத்துக்குப் பனைமரம் போல வேறொன்று இல்லை, ஆனால் பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். பழைய வீட்டுச் சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். மாமரம் நம் பக்கம் எங்கும் கிடைக்கிறது என்று அதை வாங்கிவிட வேண்டாம், உளுத்துவிடும். மூங்கிலும் அப்படித்தான், பதப்படுத்தாவிட்டால். மூன்று வயது தாண்டியதை வெட்டி, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்துக் காயவைத்தால் வண்டு அண்டாது. 2017இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். தோட்டத்து மூங்கிலை வெட்டுவது அதனால் எளிதாகியிருக்கிறது. மரமே கட்டுபடியாகவில்லை என்றால் இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் ஓடு போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரங்கு வரும் ஊராக இருந்தால் மட்டும் ஓடு பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஓடு பதித்த கான்கிரீட். லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கியது. 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியா வந்து, 2007இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் அவர். வீட்டுக்கான பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதே தன்னை இந்த வழியில் திருப்பியது என்பார். கான்கிரீட் தளத்தின் மேற்பாதிதான் நசுக்குகிற பாரத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாதியில் இழுவிசையைக் கம்பிதான் பார்த்துக்கொள்கிறது, அங்கே கான்கிரீட் சும்மா கிடக்கிறது. அந்தச் சும்மா கிடக்கிற இடத்தில், கம்பிக் கட்டங்களுக்கு நடுவே, பழைய ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போடுவது. கான்கிரீட்டில் நான்கில் ஒரு பங்குவரை மிச்சம், தளம் இலகு, இரண்டு ஓட்டுக்கு நடுவில் அகப்பட்ட காற்று சூட்டையும் சற்றுத் தடுக்கும். முழுக்க இயற்கை இல்லை என்று யாராவது குறை சொன்னால் சொல்லட்டும். மண் சுவரின் மேல் இந்தத் தளம் போடுவதானால் சுவர் உச்சியைச் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓட்டிவிட வேண்டும். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவும். மாடி கட்டும் எண்ணமிருந்தால் மண் சுவரை மறந்துவிட்டு அழுத்திய கட்டிக்கோ செங்கல்லுக்கோ போங்கள், பொறியாளரையும் பாருங்கள்.

பணம், கடன், ஊர்ப்பேச்சு

சுவரில் எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் வீட்டுச் செலவில் சுவர் ஒரு பகுதிதான். கதவு ஜன்னல், மின்சாரம், குழாய், கழிப்பறை, தரை, கூரை எல்லாம் மண் வீட்டுக்கும் அதே விலை. ஆகவே உண்மையான சிக்கனம் முதலில் வீட்டின் அளவில் இருக்கிறது, அடுத்தது உங்கள் சொந்த உழைப்பில், அதற்குப் பிறகுதான் பொருளில். தரைக்குக் கிரானைட் அறுக்கும் பட்டறைகளில் கழித்துப் போடும் துண்டுக் கல்லை விசாரியுங்கள். கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு உள்ள சலுகை அது.

அரசுத் திட்டங்களை நம்பியிருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. கணக்கெடுப்புகளில் மண் சுவர் என்றாலே 'கச்சா வீடு', மாற்றப்பட வேண்டியது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். எரியாத, ஒழுகாத கூரை வேண்டும் என்ற நியாயம் இதன் பின்னால் இருக்கிறது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஓடு பதித்த தளமோ அழுத்திய மண் கட்டியோ ஏற்பார்களா என்பதை வேலை தொடங்குமுன் ஒன்றிய அலுவலகப் பொறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதியில் கேட்டால் தவணை நிற்கும். வங்கிக் கடனுக்கும் இதே எச்சரிக்கை.

அதைவிடக் கடினம் வீட்டுக்குள்ளேயே. "மண்ணுல வீடு கட்னா பையனுக்கு யாருங்க பொண்ணு தருவாங்க?" என்று ஓர் அம்மா கேட்டால் கரியமில வாயுக் கணக்கு சொல்லி ஒப்பேற்ற முடியாது. மண் வீட்டில் ஒழுகலும் தேளுமாக வாழ்ந்து, அதிலிருந்து வெளியேறப் பாடுபட்டவர்களின் கேள்வி அது. பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வேடிக்கையும் தெரியும்: அங்கே காசுள்ளவர்கள் விரும்பிக் கேட்டு மண் கட்டி வீடு கட்டுகிறார்கள். பேசிப் புரியவைப்பதைவிட அழைத்துப்போய்க் காட்டுவது நல்லது. தர்மபுரிக்குப் பக்கத்தில் நாகர்கூடலில் புவிதம் பள்ளியின் மண் கட்டடங்கள் இருக்கின்றன. சித்திரை மாதத்து மதியத்தில் உள்ளே போய் உட்கார்ந்து வரச் சொல்லுங்கள்.

எப்போது தொடங்குவது

நம் மாவட்டங்களில் ஆவணி முதல் ஐப்பசி வரைதான் மழை கனம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மார்கழியிலேயே ஜாடிச் சோதனையையும் வில்லைச் சோதனையையும் முடித்து, தை பிறந்ததும் குழி வெட்டிப் பச்சைக்கல் அறுக்க ஆரம்பிக்கலாம். மாசிக்குள் கடைக்காலும் கல் வரிசையும். பங்குனி, சித்திரையில் சுவர். இந்த வெயிலில் மேல்பக்கம் சட்டென்று காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், அதனால் அன்றன்று கட்டியதை ஈரச் சாக்கால் மூடுங்கள். இடையில் ஒரு கோடை மழை இடியோடு வந்து போகும் என்பதால் சுவர் உச்சியை மூடத் தார்ப்பாய் கையோடு இருக்கட்டும். வைகாசி கடைசிக்குள் கூரை ஏறிவிட வேண்டும்.

வெளிப்பூச்சை அந்த ஆண்டே முழுதாக முடிக்க அவசரப்படாதீர்கள். உள்ளே மட்டும் மண் பூசிக் குடிபோய்விட்டு, வெளிச்சுவரை ஒரு மழைக்காலம் வெறுமனே விட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது, எங்கே தெறிக்கிறது, எந்த மூலையில் தாழ்வாரம் ஓரடி போதவில்லை என்று சுவரே கோடு போட்டுக் காட்டும். தை மாதம் அந்த இடத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசி, தாழ்வாரத்தை நீட்டினால் போதும்.